கட்டியதைக் காக்கவும் காசு ஒதுக்குங்கள்: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுத் தலைவருக்கும், அரசாங்க அதிபர் அவர்களுக்கும், பிரதேச செயலாளர்கள், உள்ளூராட்சி மன்றத் தவிசாளர்கள், திணைக்களப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடற்கரைப் பூங்கா, நடைபாதை, விளையாட்டுத் திடல், மரநடுகை, உவர்நீர்ச் சேற்றில் வளர்கிற கண்டல் மரங்களின் நடுகை, கடற்கரைச் சுத்திகரிப்பு என்று எங்கள் மாவட்டத்துக்கு வருகிற நிதியைப் பற்றி எழுதுகிறேன். நிதியே வருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வருகிறது, மாகாணத்துக்கான ஒதுக்கீட்டில் வருகிறது, அமைச்சுகளின் வழியாக வருகிறது, 2025 ஜனவரியில் அரசாங்கம் தொடங்கிய கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தின் பெயரிலும் வருகிறது. முன்பு உலக வங்கியின் உதவியோடு, உள்ளூர்ச் சேவைகளை மேம்படுத்துகிற நெல்சிப் திட்டம் வந்தபோது வடக்கு கிழக்கின் உள்ளூராட்சி மன்றங்கள் எத்தனையோ கட்டடங்களைக் கண்டன. தேவைக்குப் போதாதுதான், ஆனாலும் வருகிறது. வந்த காசில் கட்டியது நிலைப்பதில்லை, நட்டது பிழைப்பதில்லை என்பதுதான் எங்கள் மனக்குறை.

இதற்கு யாருடைய சோம்பலும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒதுக்கீடு செய்கிற முறையே அப்படி. கட்டுவதற்கு ஒரு செலவுத் தலைப்பு இருக்கிறது, காப்பதற்குத் தலைப்பு இல்லை. டிசம்பர் 31க்குள் எவ்வளவு செலவானது என்று கேட்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்பாரில்லை. அந்தக் கேள்வியை உங்கள் குழு கேட்கத் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். பொழுதுபோக்கு இடங்களுக்கும் சுற்றாடல் வேலைகளுக்கும் இனி ஒதுக்குகிற ஒவ்வொரு தொகையிலும் மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கான பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். பராமரிப்புக்கு வழியில்லாத திட்டத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

நகரத்துக்கு வடக்கே கடற்கரையோரம் ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. எந்தப் பூங்கா என்று சொல்லத் தேவையில்லை, உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களும் அதைப் போல வேறொன்றைப் பார்த்திருப்பீர்கள். ஊஞ்சல் இரண்டில் ஒன்றுக்குப் பலகை இல்லை. மற்றதன் சங்கிலியைப் பிடித்தால் உள்ளங்கையில் செம்மண் பூசியது போலத் துரு ஒட்டுகிறது. சறுக்கின் அடித்தகடு மணலோடு சேர்கிற இடத்தில் அரித்துப்போய், கிழிந்த தகரத்தின் விளிம்பு மேலே மடிந்து நிற்கிறது. வெல்டிங் வைத்த மூட்டுகளெல்லாம் ஊதிப் பொருக்காகி உதிர்கின்றன. அந்தத் துருவின் மேலேயே ஒருமுறை மஞ்சள் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பெயின்ற்றும் இப்போது துருவோடு சேர்ந்து உரிகிறது. பின்னேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவருகிற தாய்மார், "அதில ஏறாத, இறங்கு" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போகிறார்கள். கடைசியில் பிள்ளைகள் பூங்காவை விட்டு வெளியே மணலில் விளையாடுகிறார்கள்.

கடலிலிருந்து இருபது முப்பது மீற்றரில் சாதாரண இரும்புக் குழாயை வைத்தால் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் மீன்பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார். வெளியிணைப்பு இயந்திரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. உப்புக்காற்று என்ன செய்யும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் பூங்காவின் மதிப்பீட்டைப் போட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை. கடலுக்குத் தூரத்துக் கந்தளாயில் போடுகிற பூங்காவுக்கும் கரையோர உப்புவெளியில் போடுகிற பூங்காவுக்கும் ஒரே மாதிரி மதிப்பீடு, ஒரே மாதிரி இரும்பு. உருகிய துத்தநாகத்தில் தோய்த்த குழாயோ, துருப்பிடிக்காத எஃகோ, நல்ல மரமும் கயிறுமோ போட்டால் தொடக்கச் செலவு கூடும். சரி, கூடட்டும். ஐந்து பூங்காவுக்குப் பதிலாக மூன்று பூங்கா போடுங்கள். மூன்றும் நிலைத்து நிற்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கிறீஸும் பெயின்ற்றும், கழன்ற ஆணிக்கு மாற்று ஆணியும் வாங்க ஒரு சிறு தொகை இருந்திருந்தால் அந்த ஊஞ்சல் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும். அந்தச் சிறு தொகைக்குத்தான் எந்தத் தலைப்பிலும் இடமில்லை. பிரதேச சபையிடம் கேட்டால் அது திட்டத்தின் கீழ் வந்தது, எங்களிடம் முறையாகக் கையளிக்கப்படவில்லை என்கிறார்கள். திட்டக்காரர்களைக் கேட்டால் திட்டம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

அடுத்தது காலம். எங்கள் மாவட்டத்துக்கு மழை வடகீழ்ப் பருவத்தில் வருகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. நாட்டின் நிதியாண்டோ டிசம்பரில் முடிகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கீடு அறிவிப்பு, பிறகு முன்மொழிவு, மதிப்பீடு, அனுமதி, கேள்விப்பத்திரம் என்று போய், வேலை தொடங்கும்போது பெரும்பாலும் மாரி வாசலில் நிற்கிறது. கொங்கிறீற் போட வேண்டிய வேலையை மழைக்குள் போடுகிறார்கள். பில்லை டிசம்பருக்குள் கொடுக்காவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்பதால் அவசரம். கொழும்பிலும் காலியிலும் மழை ஆண்டின் பல மாதங்களில் பரவி வருவதால் அங்கே இந்த நெருக்கடி இவ்வளவு இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே நாட்காட்டி வைத்தால் கிழக்குக் கரைதான் நட்டப்படுகிறது.

மரநடுகையில் இது இன்னும் மோசம். சுற்றாடல் தினம் ஜூன் 5. அன்றைக்கு மாவட்டம் முழுவதும் மரக்கன்று நடுகிறோம். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஜூனில் திருகோணமலையில் வீசுவது கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரம் வற்றி, சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. பெரிய மரத்தின் இலையையே வாட்டுகிற காற்றில், பொலித்தீன் பையிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே எடுத்த இரண்டடி வேப்பங்கன்று என்ன பாடுபடும்? ஓகஸ்ட்டில் போய்ப் பாருங்கள். மூங்கில் கூடு நிற்கும், உள்ளே ஒரு குச்சி நிற்கும். கூட்டைச் சரியாகக் கட்டாத இடங்களில் கட்டாக்காலி மாடுகள் முன்னமே வேலையை முடித்திருக்கும். அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று.

நடுகை நாளை மாற்றுவதற்கு ஒரு சதம் கூடுதலாகத் தேவையில்லை. ஜூன் 5இல் பிள்ளைகளுக்கு நாற்றுமேடையைக் காட்டுங்கள், விதை போடச் சொல்லுங்கள், பை நிரப்பச் சொல்லுங்கள். நடுகையை ஒக்டோபர் கடைசியில், முதல் மழை நிலத்தை நனைத்த பிறகு வையுங்கள். மாரி முழுவதும் வேர் கீழே போகும். அதற்கு அப்புறம் வருகிற முதல் கச்சானுக்கு மட்டும் பவுசரில் தண்ணீர் ஊற்ற ஆளும் காசும் வேண்டும். அது அடுத்த நிதியாண்டில் விழுவதால் இந்த ஆண்டுக் கணக்கில் எழுத முடியாது என்று சொல்கிறார்கள். ஆக, கன்று சாவது காற்றாலும் மாட்டாலும் மட்டும் இல்லை. ஒரு ஒதுக்கீடு இரண்டு நிதியாண்டுகளுக்குள் நீள வழி செய்தால் மரம் பிழைக்கும். பெரிய வீதிகளையும் குளங்களையும் பல ஆண்டுத் திட்டமாகச் செய்ய முடிகிற அரசாங்கத்துக்கு, ஒரு மரத்துக்கு இரண்டு ஆண்டு கொடுப்பது முடியாத காரியமா?

கண்டல் விடயத்தில் நாட்டுக்கே ஒரு பாடம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் கண்டல் நட்டார்கள். எங்களுடைய கரைகளிலும் அந்த ஆர்வம் இருந்தது. உயிரைப் பறிகொடுத்த கரையில் ஒரு தடுப்பு வளரட்டும் என்கிற நல்ல மனதோடு செய்த வேலை அது. அந்த நடுகைகளைப் பின்னாளில் ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து இடம் இடமாகப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்தது 3 இடங்களில் மட்டும். மொத்தமாக 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டதில் 200 ஹெக்டேயர் அளவில்தான் ஏதாவது தேறியது. காரணமும் சொன்னார்கள். கண்டல் வளராத மட்டத்தில், நீர் வற்றாத இடத்தில் அல்லது ஏறாத இடத்தில் நட்டிருக்கிறார்கள். எந்த நிலத்துக்கும் ஒரே இனத்தையே நட்டிருக்கிறார்கள். நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நட்ட பிறகும் போய்க் கவனித்த இடங்களில் பிழைத்திருக்கிறது.

கிண்ணியாவிலும் தம்பலகாமக் குடாவின் ஓரத்திலும் கொட்டியாரக் குடாப் பக்கத்திலும் இருக்கிற மக்களுக்கு இந்த உவர்நீர் மரங்களில் கண்டல் எது, கண்ணா எது, தில்லை எது, எது எந்தச் சேற்றில் நிற்கும் என்று தெரியும். இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களுக்கு நீர் ஏறி இறங்குகிற மட்டம் விரல் நுனியில். கண்டலின் நீளக் காயைச் சேற்றில் குத்தி வைப்பது இலகு, படத்துக்கும் அழகு என்பதால் எல்லோரும் அதையே குத்துகிறோம். பல இடங்களில் நடவே தேவையில்லை. அடைபட்ட வாய்க்காலைத் திறந்து நீரை உள்ளே விட்டு, மாட்டையும் குப்பையையும் தடுத்தால் கண்டல் தானாக வரும். இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கு முன்மாதிரியான திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆய்வைக் கேட்டு, ஊரோடு சேர்ந்து செய்கிற முறைக்குக் கிடைத்த பெருமை அது. அந்த முறை எங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு சின்ன ஒதுக்கீட்டுக்கும் கட்டாயமாக வேண்டும். இத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்கிற அறிக்கையை ஏற்காதீர்கள். இரண்டு மாரி கழித்து எத்தனை நிற்கிறது என்ற அறிக்கைக்குப் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கடற்கரையை அழகுபடுத்துவது பற்றியும் சொல்லியாக வேண்டும். அழகுபடுத்துவது என்றதும் முதலில் இயந்திரத்தை விட்டு மணலை வழித்துச் சமப்படுத்துகிறார்கள். அந்த வழிப்பில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் போய்விடுகின்றன. அவைதான் வாடைக்காலத்தில் கரை மணலைப் பிடித்து வைக்கிறவை. அவற்றைக் கொன்றுவிட்டு, கரை அரிக்கிறது என்று கல்லணைக்குக் காசு கேட்கிறோம். அதோடு, வரிசையாகக் கொங்கிறீற் கதிரைகளும் கடைப் பெட்டிகளும் வைக்கிற இடம் சில வேளைகளில் மீனவர்கள் கரைவலை இழுக்கிற பாடாக இருக்கிறது. எங்கள் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில்தான் கரைவலை இழுப்பார்கள், அதே மாதங்களில்தான் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வருவார்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் வரைபடம் கீறுகிறவர் மீனவர் சங்கத்தை ஒருமுறை கூப்பிட்டு, கயிறு எங்கே ஏறும், தோணி எங்கே நிற்கும், மீனவர் தங்குகிற வாடி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவின் நிலைமை உங்களுக்குத் தெரியும். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவான இடம். முருகைக்கல்லை மிதித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. அங்கே நுழைவுச்சீட்டுக் காசு வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. படகு புறப்படுகிற நிலாவெளிக் கரையில் மலசலகூடமும் குப்பைத் தொட்டியும் யாருடைய பொறுப்பு என்பதில் ஆளுக்கு ஒரு பதில்.

கோட்டை மான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் பிரட்ரிக் கோட்டைக்குள் அந்தப் புள்ளிமான்களைப் பார்க்கிறோம், பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். மாலையில் அவை நகரத்துக்குள்ளும் வருகின்றன. திறந்த தொட்டிக்குள் தலையை விட்டு, கறி ஒட்டிய சாப்பாட்டுப் பொலித்தீனை இழுத்தெடுத்து, குழம்பின் உப்புக்காக அதை அப்படியே மென்று விழுங்குகிற மானை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாயிலிருந்து இழுக்கப் போனால் ஓடிவிடும், பொலித்தீனோடுதான் ஓடும். வயிற்றில் பொலித்தீன் அடைத்து மான்கள் சாகிற செய்தியும் இந்த ஊருக்குப் புதிதில்லை. மானின் வாய் போகாதபடி பாரமான மூடியுள்ள தொட்டிகளை அந்த வழிநெடுகப் போடுவதற்கு எவ்வளவு ஆகும்? ஒரு வரவேற்பு வளைவின் செலவு ஆகாது. ஆனால் கோட்டை படையினரிடம், பழைய சுவர் தொல்பொருள் திணைக்களத்திடம், மான் வனசீவராசிகள் திணைக்களத்திடம், குப்பை நகரத்துச் சபையிடம், பக்தர்கள் கோயிலிடம். தொட்டி வைக்க யாரிடம் அனுமதி கேட்பது, யார் அள்ளுவது என்று பேசி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கக்கூடிய ஒரே மேசை உங்களுடைய மேசை. கரையிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை எதைக் கட்டுவதென்றாலும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கண்டலென்றால் வனத் திணைக்களம், உள்துறைமுகமென்றால் துறைமுக அதிகார சபையும் கடற்படையும். இந்தத் திணைக்களங்களின் ஆட்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்காருவது உங்கள் கூட்டத்தில்தான். மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்த பிறகு கிழக்கில் தேர்தல் நடக்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத மாகாணத்தில் ஒருங்கிணைப்புக் குழுவின் பொறுப்பு இரட்டிப்பாகிவிட்டது. கூட்டத்தில் வீதி, குடிநீர், யானை, காணி என்று பேச ஆயிரம் விடயம் இருக்கும் என்பது தெரியும். அவற்றைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் இந்தப் பொது இடங்களுக்குக் கொடுங்கள்.

காணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதி மடல். எங்கள் மாவட்டத்தில் சுற்றாடல் திட்டம் என்ற பேச்சு வந்தாலே பல கிராமங்களில் மக்கள் முதலில் பயப்படுகிறார்கள். எல்லைக்கல் வரப்போகிறதா என்று கேட்கிறார்கள். வயலும் மேய்ச்சல் தரையும் ஒரு காலையில் வர்த்தமானியில் காடாகவும் தொல்பொருள் இடமாகவும் மாறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். சம்பூர் மக்கள் 2006இல் யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடி, பல ஆண்டுகள் முகாம்களில் கிடந்து, 2015இலிருந்துதான் தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய்ப் பசுமைப் பூங்கா என்று பலகை நட்டால் யாருக்குச் சந்தோசம் வரும்? காணி யாருடையது, பயன்படுத்தும் உரிமை யாருக்கு, திட்டம் முடிந்தால் யார் கையில் இருக்கும் என்பதை மூன்று மொழியிலும் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் வாழ்கிற மாவட்டம் இது. ஒரு பொது இடம் யாரையும் சந்தேகப்பட வைக்காமல் உருவானால்தான் அது பொது இடம்.

வேறு நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம் என் கண்ணில் பட்டது. நிலம், நீர் பேணல் நிதியம் என்று சொல்லலாம். 1964இல் சட்டமாகி 1965இல் நடைமுறைக்கு வந்தது. கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற கம்பனிகள் அரசுக்குச் செலுத்துகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் இயற்கை நிலங்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 90 கோடி டொலர் வரை. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த முழுத்தொகை கிடைக்கவில்லை, வேறு செலவுக்குத் திருப்பினார்கள். மக்கள் விடாமல் கேட்டு, 2020இல்தான் ஆண்டுதோறும் முழுத்தொகையும் கிடைப்பதைச் சட்டத்தால் உறுதிப்படுத்தினார்கள். அந்த நிதியத்தில் இரண்டு விதிகள் எனக்கு மிகவும் பிடித்தன. உள்ளூர்த் திட்டத்துக்கு நிதியம் பாதி வரைதான் கொடுக்கும், மற்றப் பாதியை அந்த ஊரும் மாநிலமும் காட்ட வேண்டும், ஊர் மக்கள் இலவசமாகக் கொடுத்த உழைப்பையும் அந்தப் பாதியில் கணக்கு வைக்கலாம். அடுத்தது, அந்த நிதியில் உருவான பூங்கா என்றென்றைக்கும் பொதுமக்களின் பொழுதுபோக்குக்கான இடமாகவே இருக்க வேண்டும். வேறு தேவைக்கு எடுத்தால் அதே பெறுமதியுள்ள இன்னோர் இடத்தை மக்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் நிலைமை வேறு, எங்கள் சட்டம் வேறு, எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் கடலிலிருந்தும் கரையிலிருந்தும் எடுக்கிற செல்வத்தில் ஒரு பங்கு அந்தக் கரைக்கே திரும்ப வேண்டும் என்ற நியாயம் எங்களுக்கும் பொருந்தும். புல்மோட்டைக் கரையிலிருந்து இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கோனும் அரச கம்பனி ஊடாக ஏற்றுமதியாகின்றன. கடற்கரை மணலைத்தான் விற்கிறோம். அந்த வருமானத்தில் ஒரு சிறு விகிதம் குச்சவெளிப் பிரதேசத்தின் கரைக்கும் அங்குள்ள பிள்ளைகளின் மைதானத்துக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட்டால் என்ன குறைந்துவிடும்? புறாத்தீவின் நுழைவுச்சீட்டிலும் ஒரு பங்கு நிலாவெளிக் கரையின் சுத்தத்துக்கு வரட்டும். இது உங்கள் குழு தனியாகத் தீர்மானிக்கிற விடயம் இல்லை என்று அறிவேன். உங்களோடு பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொழும்பில் பேசட்டும்.

உழைப்பைக் கணக்கில் எடுக்கிற விதியை மட்டும் நாளைக்கே இங்கு செய்யலாம். சிரமதானம் எங்களுக்குப் புதிதா? கோயில் வீதி, பள்ளிவாசல் வளவு, பாடசாலை மைதானம் எல்லாம் அப்படித்தான் துப்புரவாகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குச் சிறிய வேலைகளை நேரே கொடுக்கிற வழக்கமும் ஏற்கனவே இருக்கிறது. ஊர் இளைஞர் கழகமோ, மாதர் சங்கமோ, மீனவர் சங்கமோ ஒரு திடலை மூன்று ஆண்டு பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், அந்த உழைப்புக்கு ஒரு பெறுமதி போட்டு ஊரின் பங்காக எழுதுங்கள். அதேவேளை ஆணிக்கும் பெயின்ற்றுக்கும் மின்குமிழுக்கும் ஆன செலவை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். இலவச உழைப்பு என்ற பெயரில் அரசாங்கத்தின் பொறுப்பு முழுவதையும் ஏழை ஊரின் மேல் இறக்கி வைப்பதும் நடக்கிறது. அது நியாயமில்லை.

எங்கே ஒதுக்குவது என்பதிலும் ஒரு வேண்டுகோள். நகரத்தில் மெக்கெய்சர் மைதானமும் ஏகாம்பரம் மைதானமும் இருக்கின்றன, டச்சுக்குடாக் கரை இருக்கிறது. குறைகள் உண்டு, ஆனால் போய் உட்கார ஓர் இடம் உண்டு. வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் மூதூரின் உட்புறக் கிராமங்களிலும் பின்னேரம் ஒரு பிள்ளை எங்கே போகும்? அறுவடை முடிந்த வயலில் பந்தடிப்பார்கள், விதைப்பு வந்தால் அதுவும் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு அந்த வயல்கூட இல்லை. அங்கே பெரிய பூங்கா யாரும் கேட்கவில்லை. குளக்கட்டில் நடக்க ஒரு பாதை, இரண்டு மருதமரத்தின் கீழ் இருக்கை, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு மலசலகூடம், இருட்டிய பிறகு ஓர் அரைமணி நேரம் எரிகிற விளக்கு. பெண்கள் ஒரு பொது இடத்துக்கு வருவதா வேண்டாமா என்பதை அந்த விளக்கும் மலசலகூடமும்தான் தீர்மானிக்கின்றன. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் யுத்தத்தால் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். கடற்கரை மணலில் நீர் விளிம்பு வரை போக உறுதியான பாதை ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீதியில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

தகவலைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, நாங்கள் விண்ணப்பம் போடலாம். ஆனால் ஒரு பூங்காவுக்கு எவ்வளவு செலவானது என்று அறிய விண்ணப்பம் எழுத வேண்டிய நிலை ஏன்? அந்த இடத்தில் வைக்கிற பெயர்ப்பலகையிலேயே தொகை, நிதி வந்த வழி, வேலை செய்தவர், மூன்று ஆண்டுக்குப் பராமரிக்கிறவர், ஊஞ்சல் உடைந்தால் அழைக்க வேண்டிய அலுவலக இலக்கம் எல்லாவற்றையும் எழுதலாமே.

அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அதற்கு முன்னர், கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வகை நிதியில் கட்டிய பூங்கா, திடல், நடைபாதை, நட்ட இடங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு பிரதேச செயலகமும் நேரில் போய்ப் பார்த்து, இன்றைய நிலையைப் படத்தோடு பட்டியலாக்கட்டும். கிராம உத்தியோகத்தரும் ஊர்ச் சங்கத்தில் ஒருவரும் கூடப் போகலாம். புதிய இடத்துக்கு அடிக்கல் வைக்கும் முன் அந்தப் பட்டியலில் திருத்தக்கூடியவற்றுக்கு முதலில் காசு போகட்டும். இந்த ஆண்டின் மரநடுகையை ஒக்டோபர் கடைசிக்கு மாற்றுங்கள். நாற்றுமேடை வேலைக்கும், கன்றுக்குக் கூடு கட்டுகிற வேலைக்கும், பட்டியல் எடுக்கிற வேலைக்கும் எங்கள் பக்கத்து இளைஞர்களும் நானும் வருகிறோம். நாளைக் குறித்துப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் போட்டால் போதும்.

நன்றியுடன்,
உப்புவெளியிலிருந்து ஒரு குடியிருப்பாளர்